கம்பி பிரஷ்ஷும் ஜோடி மீனும்

முதலில் சத்தம்தான் கேட்டது. கம்பி பிரஷ்ஷால் சுவரைத் தேய்க்கிற சத்தம். ஸ்லேட்டில் ஆணியால் கீறினால் பல் கூசுமே, அந்த மாதிரி.

போன வருஷம் மாசி மாதக் காலை. நான் நடைக்குக் கிளம்பி, காசிமேடு போகிற வழியில் தினமும் திரும்புகிற சந்து அது. முனையில் ஒரு லாரி பஞ்சர் கடை. கடையை ஒட்டி ஒரு கல்யாண முருங்கை மரம். மாசி வந்தால் அதில் மருந்துக்குக்கூட ஓர் இலை இருக்காது. கிளைக்குக் கிளை சிவப்புப் பூ மட்டும்தான். காக்காயும் மைனாவும் தேனுக்கு அடித்துக்கொண்டு பாதிப் பூவைக் கீழே தள்ளிவிடும். பழைய டயர்களின் மேல் அந்தச் சிவப்பு கிடப்பதைப் பார்ப்பதற்காகவே நான் அந்தச் சந்தில் திரும்புவேன்.

அன்றைக்கு உதிர்ந்த பூவின் மேலெல்லாம் ஏதோ பொடி. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். மயில் கழுத்து நிறம். நீலம் என்றால் நீலமில்லை, பச்சை என்றால் பச்சையில்லை. அந்த நிறம் எனக்குத் தெரியும். அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணாந்து பார்த்தேன். மரத்துக்கு எதிரே, மீன் விற்கும் கன்னியம்மாவின் வீட்டு முகப்பில் சாரம் கட்டியிருந்தது. முகத்தில் துணி கட்டிய இரண்டு பேர் மேலே நின்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு வாசல் வளைவுக்கு மேலே சுண்ணாம்புச் சுதையில் ஒரு தாமரை, அதற்கு இந்தப் பக்கம் ஒரு மீன், அந்தப் பக்கம் ஒரு மீன். இடது பக்கத்து மீன் எலும்பு மாதிரி வெளுத்துப் போயிருந்தது. பிரஷ் தாமரையைத் தாண்டி, வலது மீனின் வால் நுனிக்கு வந்துவிட்டிருந்தது.

"டேய்! நிறுத்துங்கடா! யார்ரா உங்கள வரச் சொன்னது?"

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். டிரங்க் காலில் கத்திக் கத்தித் திறந்த தொண்டை இது. பஞ்சர் கடைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார். சாரத்தில் இருந்தவர்கள் கையை எடுத்தார்கள்.

கன்னியம்மா வீட்டில் இல்லை. அந்த நேரத்தில் அவள் துறைமுகத்து ஏலத்தில் மீன் எடுத்துக்கொண்டிருப்பாள். அவள் கூடையோடு திரும்பி வந்து இதைப் பார்க்கப் போகிறாளே.

அது என்ன அப்பேர்ப்பட்ட மீன், அது என்ன அப்பேர்ப்பட்ட சாயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் எனக்கு இன்னொரு கோபத்தைக் கொட்ட வேண்டியிருக்கிறது.

"ராயபுரத்துல பூவா?"

பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரில் போகிற போக்கில் பூவைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன். என்னோடு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து, இப்போது நகரத்தின் தென்கோடியில் மகனோடு இருக்கும் தோழி ஒருத்தி போன் செய்தாள். "ராயபுரத்துல பூவாடி? டீசல் வாசனை, கருவாட்டு வாசனைன்னு எழுது, நம்புவாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

எங்கள் பேட்டையைப் படம் பிடிக்க வருகிறவர்கள் கதையும் இதேதான். அரிவாள், ரத்தம், சாக்கடை. கேமராவை ஒரு முழம் மேலே தூக்கினால் பூவரசு தெரியும். தூக்க மாட்டார்கள்.

எனக்குச் சர்க்கரை வந்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். "ஏதாவது பார்க்ல போய் நடங்கம்மா" என்றார். எந்தப் பார்க்? நடைபாதை முழுக்கக் கன்டெய்னர் லாரி நிற்கிற ஊரில், டாக்டர் ஐயா, எந்தப் பார்க்? அதனால் சந்து சந்தாக நடக்க ஆரம்பித்தேன். கீழே பார்த்து நடந்தால் சாணியும் சேறும். மேலே பார்த்து நடந்தால் பூவும் பழைய வீட்டு முகப்புகளும். மேலே பார்த்து நடந்ததில் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். அப்படியும் மேலே பார்த்துத்தான் நடக்கிறேன்.

தை முடிகிற சமயத்தில் முதலில் கண் திறப்பது கல்யாண முருங்கைதான். அடுத்து இலவம். திருவொற்றியூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போகிறபோது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் ஓரமாக நடப்பேன். அங்கே ஓர் இலவ மரம் உண்டு. துருப்பிடித்த தகட்டின் மேல் கைப்பிடி அளவு பூ பொத்தென்று விழும். லாரி கிளீனர்கள் அதைக் கால்பந்து மாதிரி உதைத்து விளையாடுவார்கள். பங்குனியில் புங்கம் பூ. பொரியைக் கொட்டின மாதிரி தரையெல்லாம் கிடக்கும். முகர்ந்து பார்க்கலாம் என்று குனிந்தால் மணலி எண்ணெய் ஆலைகள் பக்கத்திலிருந்து காற்று வீசும். அப்புறம் எங்கே முகர்வது? மூக்கைப் பொத்திக்கொண்டு வரவேண்டியதுதான்.

பூ எங்களிடம் இருக்கிறது. அதன் வாசனையைத்தான் பறித்துக்கொண்டார்கள். இதைக் கேட்க ஆளில்லை, 'அங்கே பூ பூக்குமா' என்று கேட்க மட்டும் ஆள் இருக்கிறது.

முட்டைக்கோஸ் தூண்

பூவைப் பார்க்க அண்ணாந்த கண்ணுக்கு முகப்புகள் தானாகவே வந்து சேர்ந்தன. யானைக்கவுனியில் தொடங்கி ராயபுரம் வரைக்கும், பெயர்ப் பலகைகளுக்கும் மின்சார ஒயருக்கும் பின்னால் ஒரு பெரிய கூட்டமே ஒளிந்துகொண்டிருக்கிறது. கிளிகள், மயில்கள், இறக்கை வைத்த குழந்தைகள், திராட்சைக் குலைகள்.

யானைக்கவுனியில் ஒரு பாத்திரக் கடை மாடியில் சுதையிலேயே ஒரு கடிகாரம் செய்து வைத்திருக்கிறார்கள். முள்ளும் சுதைதான். யார் எப்போது போனாலும் அங்கே ஒரே மணிதான். எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் தூண் தலையில் சுருள் சுருளாக இலை விரிந்திருக்கும். ஏதோ வெள்ளைக்காரன் நாட்டு இலையாம். செய்த கொத்தனார் அந்த இலையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். அதனால் அவருக்குத் தெரிந்த இலையைச் செய்துவிட்டார். நாங்கள் அதை முட்டைக்கோஸ் வீடு என்போம். கைப்பிடிச் சுவரில் நிற்கிற சிங்கங்களுக்கும் அதே கதி. முகம் அப்படியே நம் தெரு நாய், பிடரி மட்டும் தனியாக ஒட்டினது.

இவற்றையெல்லாம் நான் பரிகாசம் செய்யலாம். இங்கே வளர்ந்தவள், உரிமை உண்டு. வெளியூர்க்காரன் சிரித்தால் எனக்குச் சுருக்கென்று வரும்.

கன்னியம்மா வீட்டுக்கு இவை எதுவும் கிடையாது. சின்ன வீடு. தாமரையும் ஜோடி மீனும் மட்டும்தான். அவள் மாமனாரின் அப்பா, முதல் படகு வாங்கின கையோடு கட்டினது. ஆனால் அந்த மீனுக்கு இருந்த நிறம் வேறு எந்த முகப்புக்கும் இல்லை.

மிச்சச் சாயம்

அந்தச் சந்தில் மீன்பிடிக் குடும்பங்கள்தான் அதிகம். எங்கள் அப்பா ஹார்பரில் சரக்கு ஏற்றி இறக்கும் கலாசி. நாங்கள் புளியந்தோப்பிலிருந்து வந்தவர்கள். அதனால் அவர்கள் வழக்கம் எனக்கு மெதுவாகத்தான் தெரிய வந்தது.

மாசி மகத்துக்குச் சாமி கடலாட வரும். அதற்கு முன்னால் படகுக்குப் புதுச் சாயம் அடிப்பார்கள். அடித்தது போக டப்பாவில் மிஞ்சுகிற சாயத்தைக் கடலில் கொட்டக் கூடாது, அடுத்த படகுக்காரனுக்குக் கொடுக்கக் கூடாது. வீட்டு முகப்பில் என்ன உருவம் இருக்கிறதோ அதற்கு அடிக்க வேண்டும். படகு என்ன நிறமோ அதுவே வீட்டுக் கிளிக்கும் மீனுக்கும். அடிக்கிற கை படகுக்காரனின் கையாக இருக்க வேண்டும். அந்தச் சந்தில் நடந்தால் எந்த வீட்டுப் படகு எது என்று சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இன்னொரு பாதியும் உண்டு. படகு போய்விட்டால் அந்த வீட்டு உருவத்துக்குச் சாயம் அடிக்க மாட்டார்கள். வீட்டுக்குப் புதுப் படகு வருகிற வரைக்கும் பழைய சாயம் அப்படியே இருக்கும். புதுச் சாயம் ஏறினால், பழைய படகை எல்லோரும் மனதிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று பொருள்.

கன்னியம்மாவின் புருஷன் தேசிங்கு சாயத்தைக் கடையில் வாங்கினபடி அடிக்க மாட்டான். நீலத்தில் பச்சையை ஊற்றி, கொஞ்சம் வெள்ளையை விட்டு, வேப்பங்குச்சியால் குழைத்துக் குழைத்து மயில் கழுத்து நிறத்துக்குக் கொண்டுவருவான். "இன்னாடா, படகுக்கு அடிக்கிறியா, பொண்ணுக்குப் பொடவ எடுக்கிறியா?" என்று நான் கிண்டல் செய்வேன். "படகும் பொண்ணுதான் டெலிபோன் அக்கா" என்பான்.

ஒரு மாசியில் அப்படிக் குழைத்து, படகுக்கு அடித்து, மீதியை ஜோடி மீனுக்கு அடித்தான். அந்த வருஷம் மழைக்காலத்தில் கடலுக்குப் போன படகு திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. தேடினார்கள். கொஞ்ச நாள் தேடினார்கள், அப்புறம் தேடுவதைப் பற்றிப் பேசினார்கள், அப்புறம் அதுவும் இல்லை.

கன்னியம்மா காரியம் செய்ய விடவில்லை. பொட்டை அழிக்க விடவில்லை. "ஆள காட்டு, அழிக்கிறேன்" என்றாள். ஏலத்தில் மீன் எடுத்து, கூடை சுமந்து, தெருத் தெருவாக விற்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் பஞ்சர் கடை ஏணியை வாங்கிப் போட்டு, ஈரத் துணியால் ஜோடி மீனைத் துடைப்பாள். சாயம் அடிக்க மாட்டாள், துடைப்பாள். படகுச் சாயம் உப்புத் தண்ணீருக்கே அசையாதது. ஒரு வருஷத்து லாரிக் கரியும் ஒரு துடைப்பில் போய், தேசிங்கு குழைத்த நிறம் பளிச்சென்று எழுந்து வரும்.

அந்த நிறம் இருக்கிற வரைக்கும் அந்த வீட்டுப் படகு தேசிங்குவின் படகுதான். தெரு அதை ஒத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவர் மூச்சு விடணுமாம்

சாரத்துக்குப் பின்னாலிருந்து ஓர் இளைஞன் வந்தான். எனக்குத் தெரிந்தவன்தான். அர்ஜுன் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் தென்சென்னையிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, பழைய கட்டடங்களைக் காட்டி நடத்திக்கொண்டு போவான். தோளில் பை, தலையில் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில் என்று ஒரு கூட்டம். முதலில் அவர்களைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்னைப் போல அண்ணாந்து பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்களே என்று நினைத்தேன்.

போகப் போகத்தான் ஒன்றைக் கவனித்தேன். அவர்கள் சுவரைப் படம் எடுப்பார்கள். கீழே ஆள் நின்றால், "கொஞ்சம் நகருங்கம்மா" என்பார்கள். அந்த அம்மாளின் வீட்டு வாசலிலிருந்தே அவளை நகரச் சொல்வார்கள்.

"ஆன்ட்டி, டென்ஷன் ஆகாதீங்க" என்றான் அர்ஜுன். "நாங்க ஃப்ரீயா பண்றோம். பழைய சுண்ணாம்பு வேலை ஆன்ட்டி இது. இப்பல்லாம் யாருக்கும் வராது. இது மேல எனாமல் பெயின்ட் பூசிப் பூசி மூடி வெச்சிருக்காங்க. சுண்ணாம்பு மூச்சு விடணும். மூச்சு விடலேன்னா உள்ளயே பொரிஞ்சிடும்."

அவன் பொய் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கு அப்படி ஒரு குணம் இருக்கலாம். ஆனால் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. டிபார்ட்மென்ட்டில் பேசப் பழகின தமிழ் ஒன்று என்னிடம் உண்டு, கோபம் வந்தால் வருகிற தமிழ் ஒன்று உண்டு. வந்தது இரண்டாவது.

"இன்னாது, சொவுரு மூச்சு உடணுமா? இங்க மன்சன் மூச்சு உட முடியாம செத்துகினு கீறான், கண்ணுக்குத் தெரில? எண்ணூர்ல போய்ப் பாரு, மாடியில துணி காயப் போட்டா பவர் ஹவுஸ் சாம்பலோட எட்த்துகினு வரணும். இந்த லைன்ல எந்தக் கொயந்தைக்கு இளைப்பு இல்ல சொல்லு. அதுக்கு வராத ஆளு, சொவுத்துக்கு மூச்சு உட வந்துட்டியா நைனா?"

அவன் முகம் சிவந்தது. "அது வேற பிரச்சினை ஆன்ட்டி…"

"வேற இல்ல. ஒரே பிரச்சன. யாரக் கேட்டு கைய வெச்ச?"

"ஓனர் கிட்டக் கேட்டுட்டோமே."

"ஓனரு ஏலத்துல கீறா."

"இல்லை ஆன்ட்டி. ஏகாம்பரம் சார். வீடு அவர் பேர்லதான் இருக்கு. போன்ல பேசினோம், சரின்னு சொன்னார்."

ஏகாம்பரம் தேசிங்குவின் தம்பி. படகை விட்டுவிட்டு மீஞ்சூர்ப் பக்கம் போய்க் கம்பெனி வேலையில் இருக்கிறான். கடலுக்குப் போன ஆம்பளை திரும்பவில்லை என்றால் அவன் பெண்டாட்டி அந்த வீட்டில் குடியிருக்கலாம், கூரை ஒழுகினால் சட்டி வைக்கலாம், சுவரைத் துடைக்கலாம். அந்தச் சுவரை என்ன செய்யலாம் என்று மட்டும் அவளைக் கேட்க வேண்டியதில்லை. பட்டாவில் ஆம்பளை பேர் இருக்கிறதே, அவனைக் கேட்டால் போதும். படித்த பிள்ளைக்கும் இது ஒரு தப்பாகத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

யார் கை பட்டால் பாவம்?

அங்கேயே நின்று ஏகாம்பரத்துக்குப் போன் போட்டேன்.

"ஏண்டா, உனக்கு அறிவு கீதா? நீ இந்தச் சந்துல பொறந்தவன்தானே? அந்தச் சாயம் இன்னான்னு தெரியாது உனக்கு?"

 அவன் பக்கத்தில் லாரி ஹாரன் சத்தம் கேட்டது.

"தெரியும் டெலிபோன் அக்கா. தெரிஞ்சிதான் சரின்னேன்."

"இன்னாடா சொல்ற?"

"எத்தினி வருசம் அண்ணி அந்த மீனயே தொடச்சிகினு இருப்பாங்க? வயசு போவுதுல்ல. அண்ணன் வரமாட்டான்க்கா. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். அத அண்ணி மூஞ்சப் பாத்து நான் எப்டி சொல்றது? அந்தச் சாயத்த நம்ம கையால அழிச்சா பாவம். நான் அழிச்சா அண்ணன நானே கடல்ல தள்ன மாரி. இவுங்க வெளி ஆளுங்க. அவுங்களுக்கு ஒண்ணியும் தெரியாது. தெரியாத கையி பண்ணா பாவம் ஒட்டாதுன்னுதான்…"

அழுகிறான் என்று குரலில் தெரிந்தது. எனக்குக் கோபம் குறையவில்லை. கூடத்தான் செய்தது. அண்ணன் செத்துப்போனதை அண்ணியிடம் சொல்லத் தைரியமில்லாமல், அதைச் சொல்வதற்குத் தொப்பி போட்ட ஊரார் பிள்ளையைக் கம்பி பிரஷ்ஷோடு அனுப்பியிருக்கிறான். இப்படி ஒரு யோசனை எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வரும். மனசில் அன்பு இருக்கும், அதை வாயில் கொண்டுவர மட்டும் துப்பு இருக்காது.

"பாவம் உனக்குத்தாண்டா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அர்ஜுன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். போனில் நான் பேசினது சந்து முழுக்கக் கேட்டிருக்கும். தேசிங்கு யார், மாசிச் சாயம் என்ன என்று பஞ்சர் கடைக்காரர் அவனுக்குச் சொன்னார். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "எங்களுக்கு யாருமே சொல்லலியே ஆன்ட்டி" என்றான். யாரைக் கேட்டாய் நீ, யாராவது சொல்வதற்கு?

கூடையோடு வந்தாள்

கன்னியம்மா வந்தாள். தலையில் கூடை, கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி முதுகு நனைந்திருந்தது. சாரத்தைப் பார்த்தாள். அவள் கண் மேலே போனதை நான் பார்த்தேன். வெள்ளை மீன், வெள்ளைத் தாமரை, அப்புறம் மயில் கழுத்து நிற மீன். வால் நுனி மட்டும் வெளுப்பு.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நானும் கூடச் சேர்ந்து கத்தத் தயாராக இருந்தேன். அவள் கூடையை இறக்கக்கூட இல்லை.

"யாரு சொன்னா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஏகாம்பரம்."

தலையை ஆட்டினாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அர்ஜுன் முன்னால் வந்தான். "அம்மா, மன்னிச்சிடுங்க. தப்பு எங்க மேலதான். இந்த மீதி பெயின்ட்டை வெச்சு அதே கலரைக் கண்டுபிடிச்சிடலாம். கம்ப்யூட்டர்ல வெச்சா அச்சு அசலா அதே கலர் வந்துடும். நாளைக்கே அடிச்சுத் தர்றோம்."

"அடிச்சித் தர்றியா?" கன்னியம்மா அவனை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "அத்த யாரு அடிக்கணும்னு தெரியுமா உனக்கு?"



"அவுத்துடு சாரத்த" என்றாள் மேலே நின்றவர்களிடம். அவர்கள் இறங்கி வந்து கயிற்றை அவிழ்த்தார்கள். கட்டை எல்லாம் வண்டியில் ஏறுகிற வரைக்கும் அவள் கூடையைத் தலையில் வைத்தபடியே நின்றாள். வண்டி போனதும் என்னிடம் சொன்னாள், "ஒண்ணு போச்சு. ஒண்ணு கீது. அது கீற வரைக்கும் நான் இப்டித்தான் கீறேன் அக்கா. ஏகாம்பரம் கிட்ட சொல்லிடு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு அவள் மீன் விற்கப் போகவில்லை. நான் மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். சட்டையைப் பிடித்து உலுக்க ஒரு கெட்டவன்கூட அகப்படாத ஆத்திரம் அது. ஒருத்தன் சுவருக்கு நல்லது செய்ய வந்தான், ஒருத்தன் அண்ணிக்கு நல்லது செய்ய நினைத்தான். இரண்டு பேரும் நல்லவர்கள், கன்னியம்மாவின் மீன் போய்விட்டது.

இந்த மாசி

அந்த வெள்ளை மீன் மூன்று மாதம்கூட வெள்ளையாக இருக்கவில்லை. மூச்சு விடட்டும் என்று திறந்துவிட்ட சுண்ணாம்பு நன்றாகத்தான் மூச்சு விட்டது. எங்கள் காற்றை இழுத்து விட்டது. கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று கக்குகிற புகை எல்லாம் அதற்குள் இறங்கியது. சித்திரையில் சாம்பல் நிறம். ஐப்பசி மழையில் கோடு கோடாகக் கறுப்பு. தை பிறந்தபோது அடுப்பில் விழுந்த மீன் மாதிரி ஆகிவிட்டது.

இந்த மாசியிலும் கல்யாண முருங்கை பூத்தது. மகத்துக்கு முந்தின ஞாயிறு நான் சந்தில் திரும்பியபோது கன்னியம்மா ஏணியில் நின்று வலது மீனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கெட்டை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு துடைப்பில் செதில் வந்தது, மறு துடைப்பில் கண் வந்தது. தேசிங்கு குழைத்த நிறம் கொஞ்சம்கூட மங்கவில்லை.

அப்போது சந்து முனையில் தொப்பிகள் தெரிந்தன. அர்ஜுனின் கூட்டம். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் அவன் இந்தச் சந்துக்கு வந்ததில்லை. எங்களைப் பார்த்ததும் தயங்கினான். ஆனால் பின்னால் வந்தவர்கள் மரத்தைப் பார்த்துவிட்டார்கள். "வாவ், என்ன ரெட்!" என்று போனைத் தூக்கினார்கள். ஒருத்தி முகப்பைப் பார்த்துவிட்டு, "அய்யோ, அந்த ஃபிஷ் ஏன் இவ்வளவு அழுக்கா இருக்கு? யாரும் மெயின்டெய்ன் பண்ண மாட்டாங்களா?" என்றாள்.

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கன்னியம்மா மேலே இருந்து என்னைப் பார்த்துக் கையமர்த்தினாள். அர்ஜுன் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் வந்தான்.

"அம்மா… நல்லா இருக்கீங்களா? அந்த மீன்… நான் வேணா ஒரு நாள் ஆட்களைக் கூட்டிட்டு வந்து…"

கன்னியம்மா ஏணியிலிருந்து இறங்கினாள். பக்கெட்டில் துணியை அலசினாள், முறுக்கிப் பிழிந்தாள். ஏணியை இழுத்து இடது பக்கம் போட்டாள். துணியை அவனிடம் நீட்டினாள்.

"இது எம் மீனு, நான் தொடச்சிட்டேன். அது உன் மீனு. நீ தொடச்சிடு."

அவன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் தோள் பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறினான். தேய்த்தான். கரி போகவில்லை, பரவியது. தாமரைக்கும் பரவியது. இன்னும் அழுத்தித் தேய்த்தான். கறுப்புத் தண்ணீர் அவன் முழங்கை வழியாக இறங்கிச் சட்டைக்குள் போனது. துணியைக் கீழே போட்டான். கன்னியம்மா அலசிப் பிழிந்து மறுபடி கொடுத்தாள். மறுபடி தேய்த்தான். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனை இறக்கினார்கள். சந்தில் துணி தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

வெகுநேரம் கழித்து அவன் திரும்பிக் கன்னியம்மாவைப் பார்த்தான். அவள் பக்கெட் பக்கத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என்னைப் பார்த்தான். யாராவது போதும் என்று சொன்னால் இறங்கிவிடலாம் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

நான் சொல்லவில்லை.